ராத்தாவின் சைக்கிளும் ஒரு தொடர்கதையும்

இளைஞர்களுக்கான கதை என்று யாராவது ஒரு புத்தகத்தை நீட்டினால், நான் முதலில் கடைசிப் பக்கத்தைப் புரட்டி "யாவும் கற்பனை" என்று போட்டிருக்கிறதா என்று பார்ப்பேன். போட்டிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவேன். பக்கத்தில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவர்களுக்கு ஒரு ராத்தா இருந்து, அந்த ராத்தாவுக்கு ஒரு சைக்கிளும் இருந்திருந்தால் சிரிக்க மாட்டார்கள்.

ராத்தா என்றால் எங்களுக்கு மூத்த சகோதரி. அண்ணனைக் காக்கா என்போம், அப்பாவை வாப்பா, அம்மாவை உம்மா. வீட்டில் நாங்கள் மூன்று பேர், கடைக்குட்டி நான். வாப்பாவுக்கு முற்றத்துக் கொட்டிலில் ஒரு தறி இருந்தது. இலங்கையின் கிழக்குக் கரையில், எங்கள் மருதமுனையில், தறி இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். காலையில் எழுந்தால் கடல் இரைச்சலுக்கு முன்னால் தறிச் சத்தம்தான் காதில் விழும்.

எனக்குப் பதினான்கு வயது. சூறாவளி வந்து ஊர்த் தென்னைகளையெல்லாம் படுக்கவைத்துவிட்டுப் போனதற்கு அடுத்த வருஷம். அந்த வயதுக்கு என்று கதைகள் இருக்கின்றன என்பதை அந்த வருஷம்தான் கண்டுபிடித்தேன். சிறுவர் கதைகளில் நரியும் முயலும் பேசிக்கொண்டேயிருந்தன. அது எனக்கு எப்போதோ அலுத்துவிட்டது. பெரியவர்களின் நாவல்களில் எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். ஏன் விடுகிறார்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. இரண்டுக்கும் நடுவில், கொழும்பிலிருந்து வரும் ஒரு வாரப் பத்திரிகையில் இளைஞர் பக்கம் என்று ஒன்று இருந்தது. அதில் என் வயதுக்காரர்கள் வந்தார்கள். பரீட்சையில் பெயிலானதை வீட்டில் சொல்லாமல் ஒரு மாதம் பள்ளிக்கூடம் போவதுபோல் நடித்த ஒரு பையன். உம்மாவின் இரண்டாவது கல்யாணத்துக்குப் போக மாட்டேன் என்று கிணற்றுக் கட்டில் உட்கார்ந்துவிட்ட ஒரு பெண்பிள்ளை. அவர்களுக்குக் கோபம் வந்தது, வெட்கம் வந்தது, பசி வந்தது. பெருமூச்சு மட்டும் வரவில்லை. அது போதும் எனக்கு.

பைத்தியம் என்றால் சாதாரணப் பைத்தியம் இல்லை. பக்கத்தை வெட்டியெடுத்து, அடுக்கி, வாப்பாவின் தறிக்கொட்டிலில் விழுந்து கிடக்கும் நூலை முறுக்கித் தைத்து, பழைய கலண்டர் தாளில் அட்டை போட்டு வைத்திருந்தேன். அப்படிப் பதினொரு புத்தகம் சேர்ந்திருந்தது. எழுதுகிறவர்களையெல்லாம் எனக்குச் சொந்தக்காரர்கள்போலத் தெரியும். யார் முடிவு தெரியாமல் போனால் மழையைப் பெய்ய வைப்பார், யார் வில்லனைத் திருத்தாமல் விடமாட்டார், யாருடைய கதாநாயகி எப்போது பார்த்தாலும் ஜன்னலோரம் நிற்பாள் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன். உம்மாவுக்கு எங்கள் மூன்று பேரின் பிறந்த நாள் மறந்துபோகும். எனக்கு எட்டு எழுத்தாளர்களின் குறைகள் மனப்பாடம்.

குறையே இல்லாதவர் என்று நான் முடிவுகட்டியிருந்தவர் ஒருவர்தான். பெண், எங்கள் சமூகத்துப் பெண், கொழும்பில் இருந்தார். முக்காடு போட்ட பெண்பிள்ளை கதாநாயகியாக வருவதை முதன்முதல் அவருடைய கதையில்தான் கண்டேன். அந்தப் பிள்ளை உம்மாவிடம் பொய் சொல்லிவிட்டு அதற்காக ஒரு வாரம் தவிக்கும். வாசித்து முடித்தபோது அந்தப் பொய்யை நானே சொன்னதுபோல இருந்தது. இவருக்கு என்னைத் தெரியும் என்று நினைத்தேன். நெய்கிறவர் கால் வைக்கும் தறிப்பள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தை நான்கு தடவை வாசித்தேன்.

கடிதம் எழுதலாமா என்று வாப்பாவிடம் கேட்டேன். அவர் காலால் மிதியை மிதித்தபடியே, "ஆம்புளயா பொம்புளயா?" என்றார்.

"பொம்புள, வாப்பா. எங்கட ஆள்."

"அப்ப எழுது. எழுத்துப் பிழ விட்டு ஊர்ட மானத்த வாங்காத."

எழுதினேன். பதிலுக்கு ஒரு தபாலட்டை வந்தது, இரண்டு வரி. "அன்புத் தங்கைக்கு, மகிழ்ச்சி. தொடர்ந்து வாசியுங்கள்." அதைத் தலையணை உறைக்குள் வைத்திருந்தேன். அடுத்த ஆறு கடிதத்துக்கும் அதே இரண்டு வரிதான் வந்தது. சொல் மட்டும் கொஞ்சம் மாறியிருக்கும். பொத்துவிலில் இருந்து எழுதிய ஒருத்திக்கு மட்டும் பத்திரிகையின் கேள்வி பதில் பகுதியில் எட்டு வரி பதில் கிடைத்தது. அவள் முகத்தை நான் கண்டதில்லை. ஆனாலும் அந்தக் கிழமை ஏழு நாளும் அவளை மனதுக்குள் திட்டித் தீர்த்தேன்.

இப்போது ராத்தாவின் கதைக்கு வருகிறேன். அவளுக்குப் பத்தொன்பது வயது. சோதனை பாஸ் பண்ணியிருந்தாள். அரசாங்கத்து மருத்துவிச்சிப் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்து, பள்ளிக்கூட ரீச்சர் ஒருவர் மூலம் விண்ணப்பப் படிவம் எடுத்து வந்திருந்தாள். மருத்துவிச்சியை எங்கள் பக்கத்தில் மிஸ்ஸி என்போம். ஊருக்கு அப்போது வந்துகொண்டிருந்த மிஸ்ஸி சொறிக்கல்முனைத் தமிழ்ப் பெண். சைக்கிளில் வருவார், வாசல் படலையடியில் மணி அடிப்பார், வயிற்றுப் பிள்ளைக்காரிகள் உள்ள வீடுகளில் மட்டும் இறங்குவார். அவர் வரும் நாட்களில் ராத்தா அவரையும் பார்ப்பாள், அவருடைய சைக்கிளையும் பார்ப்பாள். எங்கள் ஆட்களில் அந்த வேலைக்கு ஒருத்தியும் போனதில்லை.

படிவத்தில் வாப்பாவின் கையெழுத்து வேண்டும். ராத்தா நீட்டினாள். வாப்பா அதை மேலும் கீழும் பார்த்தார். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. மூத்த மகள்மேல் அவருக்கு அப்படி ஒரு உருக்கம். அதனால் ஒரு நொண்டிச் சாட்டுச் சொன்னார்.

"சைக்கிள் ஓடத் தெரியாதவளுக்கு எதுக்கு புள்ள இந்த வேல? வயல்வெளியெல்லாம் நடந்தா போவாய்?"

அவர் தப்பிக்கச் சொன்ன சாட்டு அது. ராத்தா அதை நிபந்தனையாக எடுத்துக்கொண்டாள். படிவத்தை மார்க்க நூல்கள் இருக்கும் கிதாபு அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்து பத்து நாளைக்குள் அனுப்பினால் சரி. அதற்குள் சைக்கிள் பழகி, பெருநாள் முடிந்த கையோடு வாப்பாவின் கண்ணெதிரில் முற்றத்துக்குள் ஓடி வந்து இறங்குவேன், அப்போது கையெழுத்து வைக்காமல் என்ன செய்வார் என்றாள். இதெல்லாம் அவள் சொன்னது எனக்கு ஒருத்திக்குத்தான்.

எங்கள் வீட்டில் இருந்தது காக்காவின் சைக்கிள். நடுவில் கம்பி உள்ள ஆம்பிளைச் சைக்கிள். அவன் கல்முனையில் ஒரு கடையில் வேலைக்கு நின்றான். விடியற்காலைச் சுபஹுத் தொழுதுவிட்டு வந்து மறுபடி படுத்தால் எட்டு மணிக்குத்தான் எழும்புவான். அந்த இடைவெளிதான் ராத்தாவுக்குக் கிடைத்த பள்ளிக்கூடம். மையத்து அடக்கும் மையவாடிக்குப் பின்னால் கடல்பக்கம் ஒரு கிறவல் ஒழுங்கை உண்டு, சரளை போட்ட ஒடுக்கமான பாதை. அந்த நேரத்தில் மையவாடிப் பக்கம் யாரும் வரமாட்டார்கள். வந்தாலும் தூரத்தில் கரைவலை இழுக்கப் போகிற மீன்காரர்கள்தான். அவர்களுக்காக அவள் ஒரு வேலை செய்தாள். காக்காவின் சட்டையைப் போட்டு, தலைமுடியைத் தொப்பிக்குள் சுருட்டி, இடுப்பில் காக்காவின் சாரத்தை, அதாவது லுங்கியை, கட்டிக்கொண்டாள்.

அந்தச் சாரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாப்பா ஒரு பாவு நெய்து முடிக்கும்போது, கடைசிச் சாரத்தில் பச்சை நூல் போதாமல் போய்விட்டது. கையில் கிடந்த செங்கல் நிற நூலைப் போட்டு மிச்சத்தை ஒப்பேற்றினார். பச்சைக் கட்டம் போட்ட சாரத்தில் இடுப்பிலிருந்து கணுக்கால் வரை ஒரு செங்கல் நிறப் பட்டை. யாபாரி அதை எடுக்கவில்லை. காக்கா எடுத்துக்கொண்டான். எடுத்தவன் படுக்கும் நேரம் தவிர அதைக் கழற்றவேயில்லை என்றே சொல்லலாம். தெருவில் தூரத்தில் அந்தப் பட்டை தெரிந்தால் இன்னார்தான் வருகிறான் என்று ஊரே சொல்லும். ராத்தாவின் கணக்கு அதுதான். சைக்கிளையும் சாரத்தையும் பார்த்தால் முகத்தைப் பார்க்க யாருக்குத் தோன்றும்?

என் வேலை காவல் நிற்பது. ஆட்டை மேய்க்கும் சாட்டில் அதையும் இழுத்துக்கொண்டு போய் ஒழுங்கை முகப்பில் நிற்பேன். யாராவது வந்தால் ஆட்டைப் பெயர் சொல்லிச் சத்தம் போட வேண்டும். ராத்தா விழுந்தாள், எழுந்தாள், முழங்கையைத் தேய்த்துக்கொண்டாள், மறுபடி ஏறினாள். பதினோராம் நாளோ பன்னிரண்டாம் நாளோ, பிடிக்க ஆளில்லாமல் ஒழுங்கையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை போய்விட்டாள். தூரத்தில் ஒரு மீன்காரர், "எங்கடா தம்பி இந்த நேரத்தில?" என்று கத்தினார். ராத்தா திரும்பாமல் கையை மட்டும் உயர்த்திக் காட்டிவிட்டுப் போனாள். நான் ஆட்டின் கழுத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். என் வாழ்க்கையில் அதைவிட அழகான ஒன்றை அதுவரை நான் கண்டதில்லை.

அழகான ஒன்றைக் கண்டால் யாரிடமாவது சொல்ல வேண்டும். ஊரில் யாரிடமும் சொல்ல முடியாது. கொழும்பில் எனக்கு ஒருவர் இருந்தார்.

ஆறு பக்கம் எழுதினேன். ராத்தாவின் பெயரை எழுதவில்லை. எழுதாததால் இரகசியம் பத்திரம் என்று நினைத்தேன். "இதை ஒருவருக்கும் சொல்லிவிடாதீர்கள், வாப்பா கையெழுத்து வைக்கும் வரைக்கும் மட்டும்" என்று இரண்டு இடத்தில் அடிக்கோடு போட்டேன். பத்தாம் நாள் பதில் வந்தது. தபாலட்டை இல்லை, கடித உறை. உள்ளே நான்கு பக்கம்! பொத்துவில்காரியை அந்த நிமிஷமே மன்னித்துவிட்டேன்.

அந்த நான்கு பக்கத்தில் பாதிக்குமேல் கேள்விகள்தான். விழும்போது அக்கா என்ன சொல்லிக் கத்துவாள்? உடுப்பு மாற்றுவது எங்கே? அந்த ஒழுங்கையில் என்ன மரம் நிற்கிறது? சாரம் என்ன நிறம்? கடைசியில், "நீ சொன்னது என் நெஞ்சுக்குள்ளேயே இருக்கும்" என்று ஒரு வரி. எல்லாக் கேள்விக்கும் இலக்கம் போட்டுப் பதில் எழுதினேன். சாரத்துக்கு மட்டும் ஒரு பக்கம். பச்சை நூல் முடிந்தது, செங்கல் நிறம் வந்தது, யாபாரி தள்ளிவிட்டது எல்லாவற்றையும் எழுதினேன். தறிக்காரரின் மகள் அல்லவா. சாரத்தைப் பற்றிக் கேட்டால் பெருமை தாங்காது.

அதோடு கடிதம் நின்றது. நான் இரண்டு எழுதினேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. ஐந்தாம் கிழமை பத்திரிகையில் அவருடைய புதிய தொடர்கதை தொடங்கியது. கடலோரக் கிராமம் ஒன்றில் ஒரு பெண்பிள்ளை விடியற்காலையில் எழும்பி சைக்கிளை ஓசைப்படாமல் உருட்டிக்கொண்டு போகிறாள்.

அப்போது எனக்கு என்ன வந்தது என்று உண்மையைச் சொல்கிறேன். முதலில் பயம் வரவில்லை. புல்லரித்தது. எங்கள் வீட்டுப் படலை கொழும்பில் அச்சாகி வந்திருக்கிறது! அடுத்தபடி நான் தேடியது என்னைத்தான். காவல் நிற்கும் தங்கச்சி எங்கே, ஆடு எங்கே? முதல் கிழமை இல்லை. அடுத்த கிழமையும் இல்லை. அந்தப் பெண்பிள்ளை தனியாகவே போனாள், தனியாகவே விழுந்தாள். மூன்றாம் கிழமை வருவேன் என்று காத்திருந்தேன். பயம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது. வந்தபோதும், ஊர்ப் பெயர் இல்லை, ஆள் பெயர் வேறு, வாப்பாவைத் தச்சுவேலைக்காரர் ஆக்கியிருக்கிறார், யாருக்குத் தெரியப்போகிறது என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். பத்திரிகையை ராத்தாவின் கண்ணில் படாமல் ஒளித்தேன். அவளுக்கு வாசிக்க நேரமும் இல்லை. அப்போது அவள் ஒரு கையை விட்டுவிட்டு ஓடப் பழகிக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் கிழமை சாரம் வந்தது. எல்லாவற்றையும் மாற்றிய எழுத்தாளருக்கு அந்தச் சாரத்தை மாற்ற மனம் வரவில்லை. பச்சைக் கட்டம், செங்கல் நிறப் பட்டை, நூல் முடிந்த கதை, யாபாரி தள்ளிவிட்ட கதை. என் கடிதத்தில் இருந்தது சொல்லுக்குச் சொல் இருந்தது. வேறு எந்த ஊரில் வாசித்திருந்தாலும் அது ஒரு சாரம், அவ்வளவுதான். நாங்கள் இருந்தது சாரம் நெய்கிற ஊரில். யார் வீட்டுத் தறியில் எந்தக் கட்டம் விழுந்தது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறவர்கள் அங்கே தெருவுக்குப் பத்துப் பேர்.

நூல் கொடுக்கிற நாளில் தறிக்காரர்கள் நூல் கடை வாசலில் காத்திருப்பார்கள். பொழுதுபோக யாராவது பத்திரிகையைச் சத்தமாக வாசிப்பார். அன்று யாரோ இளைஞர் பக்கத்தை வாசித்தார். சாரம் வந்த இடத்தில் எல்லோரும் வாப்பாவைத் திரும்பிப் பார்த்தார்களாம். பிறகு சிரிப்பாம். அந்த மீன்காரரும் அங்கே நின்றிருக்கிறார். "அப்ப நான் தம்பியெண்டு கூப்பிட்டது ஆர?" என்று கேட்டாராம்.

வாப்பா நூல் எடுக்காமல் அந்தப் பேப்பரோடு வீட்டுக்கு வந்தார். தறியில் உட்கார்ந்தார், நெய்யவில்லை. காக்காவைக் கூப்பிட்டார்.

"சுபஹுக்குப் பொறகு சைக்கிள்ல போறது நீதானாடா?"

"சுபஹுக்குப் பொறகு நான் எங்க போறன் வாப்பா? படுக்கிறன்."

ராத்தா குசினியில் பாத்திரம் கழுவிய ஈரக் கையோடு வந்து நின்றாள்.

"நான்தான் வாப்பா. உங்களுக்குக் காட்டத்தான் பழகினன். பெருநாளைக்குப் பொறகு."

வாப்பா அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"எனக்கு முதல் காட்டியிருக்கலாமே, புள்ள. காட்டியிருந்தா நான் சைன் வெச்சிருப்பன். ஊருக்குக் காட்டிப் போட்டுத்தானா எனக்குக் காட்டணும்? என்னயக் கடை வாசலில வெச்சு வாசிக்கிறானுகள்."

பேப்பரை அவள் பக்கம் நீட்டினார். ராத்தா நின்றபடியே வாசித்தாள். சாரம் வந்த இடத்தில் அவள் கண் நின்றது. பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். வீட்டில் அந்தப் பக்கத்தை வெட்டித் தைக்கிறவள் ஒருத்திதான். ஒழுங்கையில் காவல் நின்றவளும் ஒருத்திதான். அவள் கூட்டிப் பார்க்க அதிக நேரம் எடுக்கவில்லை.

பின்னேரம் கிணற்றடியில் கிட்ட வந்தாள். அடிப்பாள் என்று கண்ணை மூடினேன்.

"பாத்துக்கு நில்லு எண்டுதானே சொன்னன்," என்றாள். "எழுதச் சொன்னனா?"

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் என்னோடு சண்டை பிடிக்கவில்லை. சோறு போட்டாள், தலை வாரிவிட்டாள். ஆனால் தனக்குள் என்ன நினைக்கிறாள் என்று என்னிடம் சொல்வதை அன்றோடு நிறுத்திவிட்டாள்.

நான் எழுத்தாளருக்கு மூன்று கடிதம் எழுதினேன். சாரத்தை மாற்றுங்கள், கதையை நிறுத்துங்கள், வாப்பாவுக்கு ஒரு வரி எழுதுங்கள் என்றேன். மூன்றாவது கடிதத்தில், நீங்கள் சத்தியம் செய்தீர்களே என்று கேட்டேன். ஒரு தபாலட்டை வந்தது. பழைய இரண்டு வரி. "அன்புத் தங்கைக்கு, கதையில் வருவன யாவும் கற்பனையே. பொறுமையாக வாசி, முடிவு எல்லோரையும் மகிழ்விக்கும்." அந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு தறிக்கொட்டிலுக்குப் பின்னால் நின்று அழுதேன். ராத்தாவுக்காகத்தான் அழுதேன் என்று சொல்ல ஆசை. ஆனால் அந்த நேரம் அழுதது எனக்காக. என்னைத் தெரிந்தவர் என்று நினைத்த ஒருவருக்கு என்னைத் தெரியவே இல்லை. என் கடிதத்தை மட்டும் தெரிந்திருக்கிறது. பதினொரு புத்தகத்தின் தையலையும் பிரித்தேன். தாள்களைச் சரக்குச் சுற்றக் கடைக்குக் கொடுத்தேன்.

வாப்பா பத்திரிகையை நிறுத்திவிட்டார். காக்கா அந்தச் சாரத்தைக் கட்டுவதை நிறுத்தினான். கடையில் அவனைப் பெண்பிள்ளையைக் கூப்பிடுவதுபோலப் "புள்ள" என்று கூப்பிட்டார்களாம். சைக்கிளை அவன் கடையிலேயே விட்டுவிட்டு வந்தான். பெருநாள் வந்தது. பத்து நாளும் போனது. படிவம் அலமாரி மேல்தட்டிலேயே இருந்தது. ராத்தா அதை எடுத்துப் பார்க்கவும் இல்லை, கிழிக்கவும் இல்லை.

எங்கள் ஊர் வழக்கம் தெரியாதவர்களுக்கு அடுத்து நடந்ததன் கனம் விளங்காது. எங்களில் மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கல்யாணம். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். பெண் எங்கேயும் போக மாட்டாள். உம்மாவின் வளவிலேயே, ஒரே வேலிக்குள், தன் சொந்த வீட்டில், தன் சொந்தக் கிணற்றடியில் இருப்பாள். ராத்தாவுக்கும் எங்கள் வளவில் வீடு எழும்பிக்கொண்டிருந்தது. சூறாவளியால் பிந்திப்போய், சுவர் ஜன்னல் மட்டத்தில் நின்றது. சாதாரணமாக என்றால் வீடு முடியும் வரை காத்திருப்பார்கள். ஊர் வாயை மூட வேண்டுமே, காத்திருக்கவில்லை. இறக்காமத்தில் ஒரு வயல்காரரை மாப்பிள்ளை பேசினார்கள். வீடு முடியாததால், ராத்தா மாப்பிள்ளையின் உம்மா வீட்டுக்குப் போனாள். எங்கள் குடும்பத்தில் கட்டிக்கொடுத்து வெளியே போன முதல் பெண் அவள். மச்சான் நல்ல மனுஷன். அதில் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அது அவள் வீடு இல்லை. அந்த அரைச்சுவருக்குள் உம்மா பிறகு கோழி வளர்த்தாள்.

நான் படித்தேன். ரீச்சராக வந்தேன். என் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வாசிக்கப் புத்தகம் கொடுத்தேன். எழுத்தாளர்களுக்குக் கடிதம் எழுதச் சொல்லிக் கொடுக்கவில்லை. எண்பதுகளின் நடுப்பகுதி தாண்டிய ஒரு வருஷம், ஊரில் கொஞ்சம் அமைதியாக இருந்த ஒரு மாதத்தில், கல்முனையில் ஒரு புத்தக வெளியீடு என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். அந்தத் தொடர்கதை புத்தகமாக வந்திருந்தது. எழுதியவரும் வருகிறார். போகாமல் இருக்க என்னால் முடியவில்லை.

ஒரு பேயைப் பார்க்கப் போகிறேன் என்று நினைத்துப் போனேன். மேடையில் இருந்தது கால் வீங்கிய ஒரு மனுஷி. செருப்பைக் கழற்றி மேசைக்கடியில் ஒளித்து வைத்திருந்தார். தேநீரோடு வந்த பிஸ்கட்டை முன் வரிசைப் பிள்ளைகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்தார். அன்பானவர் என்று பார்த்தாலே தெரிந்தது. அதுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது.

கையெழுத்து வாங்க வரிசையில் நின்றேன். முறை வந்தது.

"எந்த ஊரு, மகள்?"

"மருதமுனை."

"ஆ, நல்ல சாரம் நெய்யிற ஊர்!"

புத்தகத்தை அவர் முன்னால் விரித்து வைத்தேன். "இந்தக் கதையில வாற சாரம்..." என்று தொடங்கினேன்.

"அது எங்க வாப்பாட சாரம்," என்றார், பேனாவை மூடாமலே. "சின்ன வயசுல அதக் கட்டிக்கிட்டுத்தான் நான் சைக்கிள் பழகினேன்."

கண் இமைக்கவில்லை, முகம் மாறவில்லை. பொய் சொல்கிறவர்களைப் பள்ளிக்கூடத்தில் தினமும் பார்க்கிறவள் நான். அவர் பொய் சொல்லவில்லை. எங்கள் ராத்தாவின் விடியற்காலைகளை அத்தனை வருஷம் தனக்குள் வைத்திருந்து, தன்னுடையதாகவே ஆக்கிவிட்டார். என் நெஞ்சுக்குள்ளேயே இருக்கும் என்று எழுதியது இதைத்தானா? எனக்குப் பின்னால் பதினான்கு, பதினைந்து வயதுப் பெண்பிள்ளைகள் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்தேன். என் பழைய முகம் அது. ஒன்றும் சொல்லாமல் கையெழுத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். கோழைத்தனம்தான். வேறு பெயர் வைக்க மாட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை இறக்காமத்துக்குப் போனேன். ராத்தா முற்றத்தில் பாயில் நெல்லைப் பரப்பிக்கொண்டிருந்தாள். மூன்று பிள்ளைகள். முதல் நாள் யானை வந்து வேலியோரத்து வாழையை முறித்துப் போட்டிருந்தது. அதைப் பற்றித்தான் முதலில் கதைத்தாள். புத்தகத்தை எடுத்து வைத்தேன். அட்டையில் ஒரு பெண்பிள்ளை சைக்கிளோடு நின்றாள். ராத்தா கையில் ஒட்டிய உமியைத் தட்டிவிட்டுப் பார்த்தாள்.

"அந்தக் கததானே?"

"ஓம்."

"மூணாம் கிழமையோட வாப்பா பேப்பர நிப்பாட்டிட்டாரே. முடிவு எனக்குத் தெரியா." நெல் புடைக்கும் சுளகை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "வாசி பாப்பம்."

நானும் அதுவரை முடிவை வாசித்திருக்கவில்லை. நிழலில் உட்கார்ந்து கடைசி அத்தியாயத்தைச் சத்தமாக வாசித்தேன். அந்தப் பெண்பிள்ளை முற்றத்துக்குள் ஓடி வந்து வாப்பாவின் முன்னால் இறங்குகிறாள். வாப்பா கண்கலங்கிக் கையெழுத்து வைக்கிறார். பிறகு அவள் வெள்ளை உடுப்போடு குளக்கட்டில் சைக்கிள் ஓடுகிறாள். வயலில் நிற்கிறவர்கள் கையசைக்கிறார்கள். அதன்கீழே அடைப்புக்குறிக்குள் யாவும் கற்பனை. நல்ல முடிவு. நான் பதினான்கு வயதில் வாசித்திருந்தால் நான்கு தடவை வாசித்திருப்பேன்.

ராத்தா சுளகை ஆட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். பாயில் ஒரு கோழி ஏறியது, அதை விரட்டினாள்.

"வாப்பா சைன் வெச்சாரு, என்ன?"

"ஓம். கதையில வெச்சாரு."

"இதில அவளுக்குத் தங்கச்சி ஒண்டும் இல்லயா?"

"இல்ல ராத்தா," என்றேன். "அவள் தனியத்தான் பழகுறாள். தங்கச்சி எண்டு ஒருத்தி கதையிலயே இல்ல."

ராத்தா நெல்லைப் புடைக்கத் தொடங்கினாள்.

"அதுதான் அவளுக்கு வேல கிடைச்சிரிக்கி," என்றாள்.